மானநட்டமும் அந்தரங்கமும்

“உள்ளதைத்தானே சொன்னேன், இல்லாததைச் சொல்லவில்லையே” என்பது நம்மவர் நாவில் அடிக்கடி எழுகின்ற சமாதானம். பிறரைப்பற்றிப் பேசிவிட்டு அகப்பட்டுக்கொண்டவர் முதலில் நாடும் புகலிடமும் அதுவே. நம் நாட்டுச் சட்டம் அப்புகலிடத்தை அடைத்துவிடவில்லை. ஆனால் அதன் வாயிலில் நின்று இன்னுமொரு வினாவைக் கேட்கின்றது. “நீர் கூறியது உண்மையாகுக, அதனைக் கூறியதனாற் பொதுமக்களுக்கு விளைந்த நன்மை யாது?” என்பதே அவ்வினா. மானநட்டச் சட்டத்தின் அடிப்படைகளை இவ்வினாவின் துணைகொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

யான் சட்டத்தரணியல்லேன். வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்த காலத்திற் சில சட்ட நூல்களைப் புரட்டியதுண்டு. ஆயினும் இப்பொருளில் எனக்கு ஈடுபாடு உண்டானது நூலாலன்று. ஆசிரியத் தொழிலிற் புகுந்த முதலாண்டில், வசதிக் கட்டணம் செலுத்தாத மாணவரின் பெயர்களை வகுப்பில் உரத்து வாசிக்கும் வழக்கமொன்றை யானே ஏற்படுத்திக்கொண்டேன். எவரும் அவ்வாறு செய்யும்படி பணித்திலர். பணம் விரைவில் வந்துசேரும் என்று எனக்குத் தோன்றிய உபாயம் அது. பட்டியலில் ஒரு பிழையுமில்லை. மூன்றாம் முறையும் தன் பெயர் வாசிக்கப்பட்ட மாணவனொருவன் மறுநாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. பின்பு அவன் தாயார் வந்தார். “காசு கட்டேல்லை எண்டது உண்மைதான் சேர். அதை நாப்பது பிள்ளையளுக்கு முன்னாலை சொல்லத்தான் வேணுமோ?” என்று கேட்டார். எனக்கு விடை கூற இயலவில்லை. அவர் கேட்டது பழைய உரோமானியச் சட்டவறிஞர் கேட்ட வினாவே என்பதைப் பல ஆண்டுகளின் பின்னரே அறிந்தேன்.

உரோமாபுரிக்கும் நமக்கும் என்ன தொடர்பு என வினவலாம். வடபகுதியாராகிய நாம் ‘நமது சட்டம்’ என்றவுடன் தேசவழமையையே நினைக்கின்றோம். 1706–1707 இற் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி தொகுத்த அவ்வழமை முதுசம், சீதனம், தேடியதேட்டம் முதலிய உடைமைக் காரியங்களையே பெரிதும் பேசுவது. ஒருவரின் மானத்துக்கு நேர்ந்த ஊறு பற்றிய வழக்கிலோ யாழ்ப்பாணத்தவருக்கும் மாத்தறையாருக்கும் சட்டம் ஒன்றே. அதுவே உரோம–ஒல்லாந்தச் சட்டம். கரையோர மாகாணங்களை 1796 வரை ஆண்ட ஒல்லாந்தர் தம் நாட்டிற் பயின்ற சட்டத்தை இங்குக் கொணர்ந்தனர். பின்வந்த ஆங்கிலேயர் 1799 செப்டெம்பர் 23 ஆம் நாட் பிரகடனத்தால், முன்னிருந்த சட்டங்களே தொடர்ந்து நிலவும் என அறிவித்தனர். ஒல்லாந்து தேசமே பிற்காலத்தில் அச்சட்டத்தைக் கைவிட்டுப் புதிய கோவையொன்றை ஏற்றுக்கொண்டது. இலங்கையும் தென்னாபிரிக்காவும் இன்றும் அதனைப் பேணுகின்றன. பெற்ற பிள்ளை மறந்த சொத்தை வளர்ப்புப் பிள்ளைகள் காத்துவருவது போன்ற கதை இது.

உரோமானியர் ஒருவனுக்குச் செய்யப்படும் அவமதிப்பை ‘இன்ஜூரியா’ என்னும் ஒரே சொல்லால் வழங்கினர். உடல், கௌரவம், நற்பெயர் ஆகிய மூன்றினுள் எதன்மேல் வேண்டுமென்றே ஊறு செய்யினும் அது இன்ஜூரியாவே. யுஸ்தினியன் பேரரசன் 533 இல் வெளியிட்ட சட்டத் தொகுப்பாகிய டைஜெஸ்ட் இதற்குக் காட்டும் உதாரணங்கள் சுவையானவை. ஒருவனுடைய வீட்டு வாசலிற் கூட்டங்கூட்டி அவனை ஏசிக் கூச்சலிடுதல் ஒன்று. பெண்ணொருத்தியை வீதியில் விடாது பின்தொடர்ந்து திரிதல் மற்றொன்று. ஒரு சொல்லும் பேசாது பின்தொடர்ந்தாலும் அது குற்றமே. முன்னது நற்பெயரைப் பற்றியது. பின்னது இன்று நாம் அந்தரங்கம் எனக் கூறுவதைப் பற்றியது. இரண்டும் ஒரே தலைப்பின்கீழ் ஒரே இடத்திற் கிடக்கின்றன. ஆங்கிலச் சட்டமோ நற்பெயரை வேறாகவும் அந்தரங்கத்தை வேறாகவும் பிரித்து, பின்னதற்கு நெடுங்காலம் இடமே கொடாதிருந்தது. நமது சட்டத்தில் அவை ஒரு வேரின் இரு கிளைகள் என்பதை வாசகர் மனத்திற் கொள்வாராக.

இனி மானநட்டம் என்பது யாதெனின், ஒருவரைப்பற்றி நேர்சிந்தையுள்ள சாதாரண மக்கள் கொண்டிருக்கும் மதிப்பைக் குறைக்கத்தக்க கூற்றொன்றை மூன்றாம் ஆளொருவர் அறிய வெளியிடுதலாகும். எழுத்து, பேச்சு, படம், சைகை ஆகிய எதுவும் கூற்றாகலாம். எழுத்தினால் வரும் அவதூற்றையும் வாயினால் வரும் அவதூற்றையும் வேறுவேறாக நடத்தும் ஆங்கிலேயரின் பாகுபாடு நமக்கில்லை. ஊர் மதகடியிற் சொன்னதும் பத்திரிகையில் அச்சிட்டதும் அடிப்படையில் ஒன்றே. நட்டஈட்டின் அளவு மாத்திரம் மாறும்.

வெளியிடுதல் என்பதைச் சிலர் அச்சிடுதல் எனக் கருதுவர். அது பிழை. மூன்றாம் ஆளொருவர் அறிந்தாற் போதும். ஒட்டிய உறையில் இட்டு உரியவருக்கே அனுப்பிய கடிதத்தால் மானநட்டம் நேராது. அதனையே திறந்த தபாலட்டையில் எழுதினால் வழியில் வாசிப்பவர் பலர். (எனினும் உறையிலிட்ட வசைக் கடிதம் எழுதியவர் முற்றிலுந் தப்பினாரல்லர். நற்பெயருக்கு ஊறின்றேனும் கௌரவத்துக்கு ஊறு உண்டன்றோ? நமது சட்டத்தின் கீழ் அதற்குந் தனியே வழக்குண்டு.) கல்வித் திணைக்களத்துக்குக் கையொப்பமின்றி எழுதப்படும் ‘மொட்டைப் பெட்டிசம்’ நம் பாடசாலைகளுக்குப் புதிதன்று. திறந்து வாசிக்கும் அதிகாரியே மூன்றாம் ஆள். பெயரை மறைத்தமை எழுதியவரைக் கண்டுபிடிப்பதை அரிதாக்கலாம், செயலைச் சட்டபூர்வமாக்காது. ஒருவர் எழுதியதை மற்றொருவர் கைத்தொலைபேசியில் நூறு பேருக்கு அனுப்பிவிட்டு “வந்ததை அனுப்பினேன்” என்பதும் அவ்வாறே. திரும்பச் சொல்பவரும் சொல்பவரே.

இன்னாரைக் குறித்தது என்பது விளங்குதலும் வேண்டும். பெயர் சொல்லாவிடினும் அறிந்தவர் அறியும்படி குறிப்பிட்டாற் போதும். ஊர் வியாபாரிகள் யாவரும் கள்வர் என்றால் எவரும் வழக்காட முடியாது. அவ்வூரில் இரண்டே கடைகள் இருப்பின் கதை வேறு. பாடசாலைச் சஞ்சிகைக்குக் கதை எழுதும் மாணவர் அறிந்திருக்கவேண்டிய ஆங்கில வழக்கொன்று உண்டு. 1908 இல் ஒரு பத்திரிகை, பிரான்சு தேசத்துக் கடற்கரை நகரொன்றில் மனைவியல்லாத பெண்ணுடன் உல்லாசமாகத் திரிந்த ஆர்ட்டிமஸ் ஜோன்ஸ் என்னும் ஒருவரைப்பற்றி வேடிக்கையாக எழுதிற்று. அப்பெயர் கற்பனையே என்றனர் பத்திரிகையார். ஆனால் அப்பெயருடைய நியாயவாதியொருவர் உண்மையில் இருந்தார். அவரை அறிந்தோர் அவரே எனக் கருதினர். ஜூரிமார் 1,750 பவுண் நட்டஈடு விதித்தனர். பின்னர்ப் பிரபுக்கள் சபை அதனை உறுதிசெய்தது. ஆங்கிலச் சட்டம் கருத்தை நோக்காது விளைவையே நோக்கிற்று. நமது சட்டம் ஊறுசெய்யும் மனக்கருத்து உண்டா எனவும் நோக்கும். ஆயினும் கூற்று மானநட்டம் பயப்பது எனக் காணப்பட்டவுடன் அக்கருத்து இருந்ததென்றே நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளும். இல்லையெனக் காட்டுதல் எதிராளியின் பொறுப்பு.

இங்கு முதலிற் கூறிய வினாவுக்கு மீள்வோம். ஆங்கிலச் சட்டத்தில், குடியியல் வழக்கைப் பொறுத்தவரை, உண்மையென நிரூபித்தாற் பெரும்பாலும் வழக்கு முடிந்துவிடும். ஒருவன் முப்பது ஆண்டுகளுக்கு முன் செய்த சிறு களவைப் பகைமையினால் இன்று ஊரறியப் பேசினாலும், உண்மை உண்மையே என்பது அவர்களின் பொதுவான போக்கு. உரோம–ஒல்லாந்தச் சட்டமோ உண்மையுடன் பொதுநன்மையையுஞ் சேர்த்தே கேட்கும். இதன் வேர் டைஜெஸ்டில் உளது. குற்றவாளியொருவனை இழித்துரைத்தவனைத் தண்டித்தல் முறையன்று, ஏனெனிற் குற்றஞ்செய்தோரின் குற்றங்கள் அறியப்படுதல் தக்கது எனப் பவுலுஸ் என்னும் சட்டவறிஞர் கருதினார். ‘அறியப்படுதல் தக்கது’ என்னும் காரணத்தைப் பிற்கால ஒல்லாந்த அறிஞர் பற்றிக்கொண்டனர். அறியப்படுவதாற் பயனில்லாத உண்மைக்கு, அஃதாவது ஒருவரின் உடற்குறை, வறுமை, குடும்பத்தின் பழைய துயரம் போன்றவற்றைத் தூற்றுதற்கு, அக்காரணம் பொருந்தாது எனக் கண்டனர். ஆகவே உண்மை என்பது பாதி விடையே.

வள்ளுவர் புறங்கூறாமைக்கு 19 ஆம் அதிகாரத்தையும் வாய்மைக்கு 30 ஆம் அதிகாரத்தையும் வகுத்து, வாய்மையின் இலக்கணத்துள்ளேயே பிறர்க்குத் தீங்கு பயவாமையையும் அடக்கியுள்ளார். அதனைப் பாடமாகக் கற்பிக்கும் நமக்கு உரோமானியர் கருத்துப் புதுமையாகத் தோன்றாது. ஆனால் ஒப்புமையை அளவுமீறி நீட்டலாகாது. அறநூல் நாவை அடக்கச் சொல்கிறது. சட்டமோ சில வேளைகளிற் பேசியே ஆகவேண்டும் என்கிறது.

அதற்கு நம் நாட்டு வழக்கே சான்று. பழைய அரசாங்க சபையின் உறுப்பினர் சிலர் கைக்கூலி பெற்றனரா என ஆராய நியமிக்கப்பட்ட ஆணையாளரின் அறிக்கையிலிருந்து சில பகுதிகளைக் கொழும்புப் பத்திரிகையொன்று வெளியிட்டது. அவற்றுள் தம்மைப்பற்றிப் பாதகமான குறிப்பு இருந்ததாக ஒருவர் வழக்குத் தொடுத்தார். பெரேரா எதிர் பீரிஸ் என வழங்கும் இவ்வழக்கு இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் வரை சென்று, 1949 ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்றுள்ளது. ஆங்கில விதிகளை அளவுகோலாக்காது உரோம–ஒல்லாந்தச் சட்டத்தின் தத்துவத்தையே கொண்டு இதனைத் தீர்க்கவேண்டும் என்றது கழகம். அரச கருமங்கள் செவ்வனே நடைபெறுதற்கு அவ்வறிக்கை பரவலாக அறியப்படுதல் அவசியம். ஆதலின் ஊறுசெய்யுங் கருத்து இருந்ததெனக் கொள்ளமுடியாது என்று பத்திரிகைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. தாயார் கேட்ட அதே வினா இங்கே பேச்சுரிமையின் காவலாக நின்றது. ஒரே வினா ஓரிடத்தில் வாயை மூடுகின்றது, ஓரிடத்தில் திறக்கின்றது.

பொதுக்கருமம் பற்றிய நியாயமான விமரிசனத்துக்கும் பாதுகாப்புண்டு. அடிப்படைச் செய்தி மட்டும் உண்மையாக இருத்தல் வேண்டும். பாராளுமன்றத்திற் பேசுவோருக்கு 1953 ஆம் ஆண்டின் சட்டம் முழுச் சிறப்புரிமை அளித்துள்ளது. ஆசிரியருக்குப் பயன்படுவது வேறொரு சிறப்புரிமை. சொல்லுங் கடமை ஒருவருக்கும் அறியும் உரிமை மற்றவருக்கும் இருப்பின், அவர்களிடையே நிகழும் கூற்று காக்கப்படும். மாணவனின் நடத்தையைப் பெற்றாருக்கு அறிவிக்கும் அதிபர், வேலைகொள்வோர் கேட்டதற்கிணங்க நற்சான்று எழுதும் ஆசிரியர் ஆகியோர், நேர்மையாக எழுதியது தவறென்று பின்னர் தெரியினும் அஞ்சவேண்டியதில்லை. வன்மம் புகுந்தால் அப்பாதுகாப்பு நீங்கும். அதே செய்தியை ஆசிரியர் ஓய்வறையிலிருந்து சந்தைவரை கொண்டுசென்றாலும் நீங்கும். கடமை அதிபர் அறையின் கதவுடன் நின்றுவிடுகிறது.

அந்தரங்கம் என்பது இதன் அடுத்த படி. மானநட்ட வழக்கில் நற்பெயருக்கு நட்டம் நேரவேண்டும். ஒருவரின் பெயருக்கு யாதொரு இழுக்குமின்றியே அவருடைய தனிவாழ்வு திறந்துவிடப்படலாம். நோயாளியின் மருத்துவக் குறிப்பு, கிணற்றடியிற் குளிப்போரின் நிழற்படம், பிறருக்கு எழுதிய காதற் கடிதம் ஆகியன பொய்யுமல்ல, இழிவுமல்ல. கிடுகு வேலியை ஆளுயரத்துக்கு மேல் அடைத்துவந்த நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். சட்ட உலகில் இதனைத் தனியுரிமையாக வாதிட்டுப் புகழ்பெற்றது, அமெரிக்கராகிய வாரன், பிராண்டைஸ் என்போர் 1890 இல் ஹார்வர்ட் சட்டச் சஞ்சிகையில் எழுதிய கட்டுரை. உரோம–ஒல்லாந்த மரபில் இதற்குத் தனிவழி வெட்டவேண்டியிருக்கவில்லை. ‘கௌரவம்’ என்னும் பழைய வாயில் திறந்தே இருந்தது. தென்னாபிரிக்காவில் ஒரு பெண் வானொலி அறிவிப்பாளர் துப்பாக்கி சுடும் பயிற்சியில் எடுக்கப்பட்ட தம் படம் தமது சம்மதமின்றித் துப்பாக்கி விளம்பரத்தில் வந்ததைக் கண்டு வழக்காடினார். படம் பொய்யன்று, அவதூறுமன்று. எனினும் அது கௌரவத்துக்கு ஊறாகலாம் என 1954 இற் கேப் நகர நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

தமிழ்நாட்டில் எழுந்த வழக்கொன்று இதன் எல்லையைத் தெளிவாக வரைந்தது. கொலைக்காக மரணதண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கர் எழுதிய சுயசரிதையை ‘நக்கீரன்’ வெளியிட முனைந்தது. அதில் அதிகாரிகள் சிலருக்கும் அவனுக்கும் இருந்த தொடர்பு கூறப்பட்டதாகச் செய்தி. சிறைத்துறை மேலதிகாரி அதனைத் தடுக்கத் தலைப்பட்டார். இந்திய உச்ச நீதிமன்றம் 1994 அக்டோபர் 7 ஆம் நாள் வழங்கிய தீர்ப்பில், தன்னைத் தன்பாட்டில் விட்டுவிடும்படி கேட்கும் உரிமை ஒவ்வொரு குடிமகனுக்கும் உண்டு என்றது. அவனுடைய குடும்பம், மணவாழ்வு, கல்வி முதலியவற்றை அவன் சம்மதமின்றி, உண்மையாயினும் பொய்யாயினும், வெளியிடலாகாது. ஆனால் நீதிமன்றப் பதிவு போன்ற பொதுப்பதிவில் உள்ளதை வெளியிடலாம். உத்தியோகத்தர் தம் உத்தியோகச் செயல் பற்றி அந்தரங்கம் என்னும் திரையை இழுத்துக்கொள்ள முடியாது. வெளிவருமுன்னரே தடைசெய்யும் அதிகாரமும் அவர்களுக்கில்லை. பாலியல் வன்செயலுக்கு ஆளானோரின் பெயர் மாத்திரம் பொதுப்பதிவில் இருப்பினும் வெளியிடத்தக்கதன்று. ‘உண்மையாயினும் பொய்யாயினும்’ என்றதிலேதான் மானநட்டத்துக்கும் அந்தரங்கத்துக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் அடங்கியிருக்கின்றது. 2017 இல் ஒன்பது நீதியரசர் கொண்ட ஆயம் அந்தரங்கத்தை இந்திய அரசியலமைப்பின் அடிப்படை உரிமையாகவே அறிவித்தது.

நமது 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அந்தரங்கம் தனியோர் அடிப்படை உரிமையாக எழுதப்படவில்லை. 14 ஆம் உறுப்புரை பேச்சுரிமையை அளிக்க, 15 ஆம் உறுப்புரை மானநட்டம் முதலியவற்றின் பொருட்டு அதற்குக் கட்டுப்பாடு விதிக்க இடந்தருகின்றது. ஆயினும் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை நோக்குக. ஒருவரின் தனிப்பட்ட தகவல் பொதுக்கருமத்தோடு தொடர்பற்றதாயின் மறுக்கப்படலாம்; பெரும் பொதுநலன் வேண்டி நிற்பின் கொடுக்கப்படவேண்டும். பவுலுஸ் கேட்ட வினாவே ஈராயிரம் ஆண்டுகளுக்குக் கிட்டிய காலத்தின் பின் பாராளுமன்றச் சட்டத்தில் வந்து அமர்ந்திருக்கின்றது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதே திசையிற் செல்வது. பிள்ளைகளின் விபரங்களைக் கட்டுக்கட்டாக வைத்திருக்கும் பாடசாலைகள் அதனைக் கருத்துடன் வாசித்தல் நன்று.

முன்பு மானநட்டம் தண்டனைக்குரிய குற்றமாகவும் இருந்தது. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை அவ்வாறு வகுத்தது. 1995 இல் வாரப் பத்திரிகையொன்றின் கிசுகிசுப் பகுதியில் அப்போதைய சனாதிபதி ஒரு விருந்துக்குச் சென்றதாக வந்த செய்திக்காக அதன் ஆசிரியர் 1997 இற் குற்றவாளியாகக் காணப்பட்டார்; மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2000 இல் அதனை உறுதிசெய்தது. இத்தகைய வழக்குகளின் பின் எழுந்த எதிர்ப்பினால், 2002 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அப்பிரிவுகளை நீக்கிற்று. இந்தியாவில் அது இன்னுங் குற்றமே. நாம் செய்தது சரியென்பது என் துணிபு. நற்பெயர் அதற்குரியவரின் உடைமை. அதற்காக அவரே வழக்காடலாம். அரசு தன் கைவிலங்கை அதன்பொருட்டு எடுக்கும்போது, அது பெரும்பாலும் வலியோரின் நற்பெயருக்காகவே எடுக்கப்படுகின்றது. பொய்க்கூற்றுக்களைத் தண்டிக்கப் புகுந்த 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பலர் ஐயத்துடன் நோக்கியதும் இக்காரணம் பற்றியே.

மாணவர் கேட்கத்தக்க வழக்கொன்றை இறுதியில் வைத்தேன். 2006 இல் தென்னாபிரிக்கப் பாடசாலையொன்றின் மாணவர் மூவர், அதிபரின் முகத்தையும் உப அதிபரின் முகத்தையும் ஆடையற்ற இரு ஆண்களின் படத்தில் ஒட்டிக் கைத்தொலைபேசிகளிற் பரப்பினர். அறிவித்தற் பலகையிலும் குத்தினர். பாடசாலை தண்டித்தது, சமூகசேவையுஞ் செய்தனர். உப அதிபர் அதனுடன் அமையாது நட்டஈடு கோரினார். வழக்கு 2011 இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை சென்றது. நீதியரசர் மூவகையாகப் பிரிந்தனர். பெரும்பான்மையோர் மானநட்டம் என்றனர். இருவர், படம் பொய்யென்பது பார்ப்பவர் யாவருக்குந் தெரியுமாதலின் நற்பெயர் கெடவில்லை. கெட்டது கௌரவமே என்றனர். வேறிருவர், பிள்ளைகளின் குறும்பன்றி அது வேறொன்றுமன்று என்றனர். எனக்கு நடுவிலுள்ள கருத்தே ஏற்புடையது. நாற்பத்தையாயிரம் ராண்டாக இருந்த நட்டஈடு இருபத்தையாயிரமாகக் குறைக்கப்பட்டது. மாணவர் நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றும் கட்டளையாயிற்று.

அக்கட்டளைக்கு ஒல்லாந்தரின் பழைய முறையொன்றே முன்மாதிரி. அக்காலத்தில் அவதூறு கூறியவன் நீதிமன்றத்தில் வெறுந்தலையுடன் முழந்தாளிட்டுத் தன் சொல்லை மீட்டுக்கொள்ளவேண்டும். அம்முறை காலப்போக்கில் வழக்கொழிந்து பணமே எஞ்சியது. நம் நீதிமன்றங்களிலும் கேட்கப்படுவது நட்டஈடே. தீங்கு நிகழ்ந்து இரண்டாண்டுகளுக்குள் வழக்கிடவேண்டும் என்பது 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் விதி. அம்மாணவனின் தாயார் வழக்கிடவில்லை, பணமுங் கேட்கவில்லை. மறுநாட் காலை அவர்கள் வீட்டுப் படலையடியில் நின்று, அவன் கேட்க அவரிடம் யான் சொன்ன இரண்டு வாக்கியங்களுடன் அக்காரியம் முடிந்தது. அன்றுமுதல் கட்டணம் பற்றிய அறிவித்தல் ஒட்டிய உறையிலேயே என் வகுப்பிலிருந்து செல்கின்றது.